இந்த முறை கலரில்: ஒரு கொல்கத்தா நாட்குறிப்பு

வெள்ளி, இரவு

ஹௌராவில் வந்து இறங்கியாயிற்று. விமானத்தில் வந்திருந்தால் நேற்றே வந்திருக்கலாம். ரயிலில் வந்ததற்குக் காரணம் பையில் இருக்கும் பிலிம். விமான நிலையங்களில் கைப்பைக்கும் சிடி ஸ்கேனர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பழைய எக்ஸ்ரே இயந்திரத்தில் 400 ஐ.எஸ்.ஓ. (பிலிமின் வேகம், எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்) பிலிம் இரண்டு மூன்று தடவை போய் வந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சிடி அப்படியில்லை, ஒரே தடவையில் பிலிமில் மூட்டம் விழவைத்துவிடும். கையால் சோதித்துக் கொடுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் சிலர் செய்வார்கள், சிலரிடம் அரை மணி நேரம் வாதாட வேண்டும். ரயிலில் அந்தத் தொல்லை கிடையாது.

ஹௌராவிலிருந்து முன்பெல்லாம் படகிலோ பாலத்தைக் கடந்தோதான் ஊருக்குள் போவேன். இன்று மெட்ரோ. ஆற்றுக்கு அடியில் போகும் இந்தப் பாதையில் 2024 மார்ச்சிலிருந்து பயணிகளை ஏற்றுகிறார்கள். ஹூக்ளிக்குக் கீழே சுமார் 520 மீட்டர், முக்கால் நிமிடத்தில் கடந்துவிடுகிறது. சுரங்கச் சுவரில் நீல விளக்கு தெரிந்தால் தலைக்கு மேல் ஆறு என்று அர்த்தம். பெட்டியில் இருந்த எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நான் எடுக்கவில்லை. ரோல் இன்னும் போடவே இல்லை.

இந்த ஊரில் நான் எடுத்தவை அத்தனையும் கறுப்பு-வெள்ளை. வேலைக்காக இங்கே அடிக்கடி வந்து தங்கிய காலத்தில் எடுத்தவை. போன மாதம் அந்த நெகட்டிவ்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது: எதுவுமே எந்த வருஷத்தில் எடுத்தது என்று சொல்ல முடியவில்லை. கைரிக்‌ஷா, அம்பாசடர், பழைய மாளிகை, பனிமூட்டம். 1975 என்று சொன்னாலும் நம்புவார்கள். அப்போது அதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றுவேலை போலத் தெரிகிறது. டாக்ஸியின் மஞ்சளைச் சாம்பலாக்கி, பின்னால் இருந்த பிளாஸ்டிக் விளம்பரத்தையும் சாம்பலாக்கி, இரண்டையும் ஒரே காலத்தில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறேன். அதனால்தான் இந்த முறை கலர் மட்டும்.

நிக்கான் எஃப்எம்2, ஒரு 35 மி.மீ. லென்ஸ். பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் வேலை செய்யும், வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும்தான் தூங்கிவிடும். பிலிம்: பகலுக்கு கோடக் கோல்டு 200, போர்ட்ரா 400. இரவுக்கு ஒரு சினிஸ்டில் 800டி. தினமும் எழுதுகிறேன். படம் எங்கே என்று கேட்காதீர்கள், அது டப்பாவுக்குள் இருக்கிறது.

சனி

தை மாதத்தில் இங்கே ஆறே காலுக்குத்தான் சூரியன் எழும்பும், மாலை ஐந்தேகால் சுமாருக்கு விழுந்துவிடும். நடுவில் கிடைக்கும் வெயிலும் சுத்தமானதில்லை. பனியும் தூசியும் கலந்து ஒரு மெல்லிய திரை எப்போதும் நிற்கிறது. கலர் பிலிமுக்கு இது ரொம்ப நல்லது. கோடை வெயிலில் நிழல் அடியோடு கறுத்துவிடும். இங்கே நிழலுக்குள்ளும் வெளிச்சம் கசிகிறது.

சித்பூர் சாலையில் வடக்கு நோக்கி நடந்தேன். இப்போது அதன் பெயர் ரவீந்திர சரணி, ஆனால் பழைய பெயரைச் சொன்னாலும் எல்லோருக்கும் தெரியும். 400 பிலிமை 200 என்றே வைத்துக்கொண்டு அளந்தேன், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், ஒரு ஸ்டாப் கூடுதல். கலர் நெகட்டிவுக்கு வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடினால் பரவாயில்லை, இரண்டு கூடினாலும் தாங்கும். குறைந்தால்தான் நிழல் சேறாகி, கூடவே குருணை குருணையாகக் கிளம்பும். ஸ்லைடு பிலிமுக்கு இது நேர்மாறு, அரை ஸ்டாப் தவறினாலே பல்லைக் காட்டும். நடந்துகொண்டே எடுப்பவனுக்கு நெகட்டிவ்தான் சரி.

லென்ஸின் திறப்பை எஃப் 8-இல் வைத்து, குவியத்தை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். தெருவில் எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஐந்து மீட்டருக்குள்தான் நடக்கிறது. கண்ணில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தால் ஆள் போயே போய்விடுவார்.

தெரிந்த ஊரில் ஒரு தொல்லை உண்டு. கால் தானாகவே பழைய மூலைகளுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்த வளைவில் டிராம் திரும்பும், இந்தத் திண்ணையில் தாத்தா பேப்பர் படிப்பார் என்று உடம்புக்கே தெரியும். இன்று அந்த வளைவுக்குப் போனேன். தண்டவாளம் இருக்கிறது, பாதி தாரில் புதைந்து. 1873-இல் குதிரை இழுத்த டிராம், 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. 2024 செப்டம்பரில் எஸ்பிளனேட்–மைதான் துண்டு மட்டும் நினைவுக்காக இருக்கும், மற்றவை போகும் என்று மாநில அரசு அறிவித்தது. டிராம் வராத வளைவில் நிற்க எனக்கு வேலை ஒன்றுமில்லை. ஆனால் நின்றதில் ஒன்று கண்ணில் பட்டது. நடைபாதையின் ஓரக்கல், கம்பித் தடுப்பு, எதிரே ஒரு அரசுக் கட்டடம் எல்லாமே நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை.

2011-இல் ஆட்சி மாறியதற்கு அப்புறம் வந்த வண்ணம் இது. பாலம், பூங்கா வேலி, பள்ளிச் சுவர் என்று பொது இடங்களில் எல்லாம் அடித்தார்கள். ஊர்க்காரர்களிடம் கேட்டால் பாதிப் பேர் திட்டுவார்கள், பாதிப் பேர் சிரிப்பார்கள். என் பழைய படங்களில் இந்த நீல-வெள்ளை நூறு இடத்திலாவது இருந்திருக்கும். ஒன்றில்கூடத் தெரியவில்லை! சாம்பல் பட்டை, வெள்ளைப் பட்டை, அவ்வளவுதான். இன்று அதையே எடுத்தேன். பச்சை மரச் சன்னல்கள், காரை உதிர்ந்து செங்கல் தெரியும் பழைய வீடு, அதன் காலடியில் பளிச்சென்று அரசாங்க நீலம். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் எடுத்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

1942-இல் ஜெய்ப்பூரில் பிறந்த புகைப்படக்காரர் ரகுபீர் சிங், மற்றவர்கள் கலரை விளம்பரக்காரர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கிய காலத்திலேயே இந்தத் தெருக்களைக் கலரில் எடுத்தவர். கறுப்பு-வெள்ளையின் துயரம் மேற்கத்தியப் பார்வை, இந்தியக் கண்ணுக்குக் கலர்தான் இயல்பு என்பது அவர் வாதம். இந்தியக் கண் என்று ஒன்று தனியாக இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் இந்த நீலத்தின் முன்னால் அவர் நின்றிருந்தால் ஒதுங்கிப் போயிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. 1999-இலேயே போய்விட்டார்.

ஞாயிறு

மல்லிக் காட் பூச்சந்தை. ஹௌரா பாலத்தின் கிழக்குக் கரையில், பாலத்தை ஒட்டியே, ஆற்றங்கரையோரம். பக்கத்திலேயே வட்ட ரயில் பாதை ஓடுகிறது. இருட்டோடு போய்விட்டேன்.

கலர் பிலிம் வாங்கிய எவனும் முதலில் ஓடிவரும் இடம் இதுதான். அதனாலேயே வரக்கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இந்த ஊரில் முழு மூச்சாக இயங்குகிற இடம் வேறு எங்கே?

இங்கே செண்டுமல்லியைக் கயிறு கயிறாகத் திரித்து, பெரிய கட்டாகச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு ஆள் நடந்து வந்தால் ஒரு ஆரஞ்சுக் குவியல் இரண்டு காலோடு வருவது போலத்தான் தெரியும். மேலே நீலத் தார்ப்பாய், கீழே சகதி, நடுவில் ஆரஞ்சும் மஞ்சளும். முதல் பத்து நிமிஷத்துக்கு எதைப் பார்த்தாலும் எடுக்கத் தோன்றும். அப்புறம் கண் மரத்துப்போகிறது. எங்கே திரும்பினாலும் ஆரஞ்சு என்றால் ஆரஞ்சே தெரியாமல் போய்விடுகிறது. அதனால் ஆரஞ்சு குறைவாக இருக்கும் இடமாகத் தேடி நின்றேன். மேலே பாலத்துக்கு ஏறும் படிக்கட்டு. சாம்பல் இரும்பு, சாம்பல் வானம், அழுக்குப் போர்வை போர்த்திக்கொண்டு இறங்குகிறவர்கள். அவர்களில் யாராவது ஒருவர் கையில் கொஞ்சம் பூ. ஒரு முழம் போதும், படம் முழுக்க அதுதான் தெரியும்.

இன்னொன்று. மஞ்சள் பூக்குவியலுக்கு நேராகக் கேமராவைக் காட்டினால் மீட்டர் வெளிச்சம் நிறைய இருப்பதாக நினைத்துக்கொண்டு குறைத்துச் சொல்லும். அதை நம்பி எடுத்தால் பூ சரியாக வரும், பூக்காரரின் முகம் இருண்டுவிடும். என் உள்ளங்கையை அதே வெளிச்சத்தில் நீட்டி அளந்துகொண்டேன். உள்ளங்கை சாதாரணமாக ஒரு ஸ்டாப் வெளிறல், அதற்குத் தகுந்தாற்போல் ஒன்று கூட்டினால் சரி.

மூலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து சரம் பிரித்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகக் கறை ஏறி, நகக்கண்ணில் காம்பின் நார். எடுக்கட்டுமா என்று கையைக் காட்டிக் கேட்டேன். தலையை ஆட்டினார். எடுத்து முடித்ததும் கையை நீட்டி, "காட்டு" என்றார். கேமராவின் முதுகைத் திருப்பிக் காட்டினேன். எஃப்எம்2-இன் பின்பக்கத்தில் ஒரு சின்னச் சட்டம் இருக்கும், உள்ளே என்ன பிலிம் என்று மறக்காமலிருக்க டப்பாவின் அட்டையைக் கிழித்து அதில் செருகி வைப்போம். கோல்டு 200 அட்டை. அவர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது என் படம் இல்லையே அண்ணா."

"பிலிம். கழுவினால்தான் தெரியும்."

"இன்னும் கிடைக்குதா அது?"

பக்கத்தில் இருந்த பையனைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினார். தன் கல்யாணப் படமெல்லாம் இதே மஞ்சள் டப்பாவில் எடுத்ததுதான் என்று அவனிடம் சொன்னார் (என் வங்காளம் அரைகுறை, ஆனால் டப்பாவையும் கல்யாணத்தையும் விளங்கிக்கொள்ள அது போதும்). பையன் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போனுக்குப் போய்விட்டான்.

பாலத்தின் மேல் போய் எடுக்கவில்லை. அங்கே கேமராவைத் தூக்கினால் போலீஸ்காரர் விசில் அடிப்பார், அது பழைய கதை. 1943-இல் திறந்த பாலம். நட்டு போல்ட்டு இல்லாமல் ரிவெட் அடித்தே கட்டியது. இரண்டாம் உலகப் போரையே தாங்கியது, வெற்றிலைச் சாற்றைத் தாங்கவில்லை. துப்பித் துப்பித் தூண்களின் அடி அரித்துப்போய், ஃபைபர் கிளாஸ் உறை மாட்ட வேண்டியதாயிற்று. அந்த உறையின் மேலும் இப்போது சிவப்பு. சிவப்பு என்றால் காய்ந்து பழுப்பாகி, அதன் மேல் புதுசு, அதன் மேல் இன்னும் புதுசு. கேட்க அருவருப்பாகத்தான் இருக்கும். பார்க்க நல்ல படம். இரண்டு எடுத்தேன்.

திங்கள்

மூட்டம். காலை முழுக்க வெயிலே இல்லை. காலேஜ் ஸ்ட்ரீட் போனேன், காபி ஹவுஸில் உட்கார்ந்தேன். அங்கே கறுப்பு-வெள்ளையில் எடுத்து எடுத்து எனக்கே சலித்துவிட்டது. கலரில் எடுக்க என்ன இருக்கிறது என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில் போ பாராக்ஸ். சிவப்புச் செங்கல் குடியிருப்பு, பச்சைச் சன்னல். சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும், கலர் படம் எடுப்பவனுக்கு அல்வா மாதிரி. ரொம்ப இனித்தால் திகட்டும் அல்லவா, அதுதான் அங்கே சிக்கல். கட்டடம் தானாகவே படமாகிவிடுகிறது, நமக்கு வேலை இல்லை. மூட்டத்தில் அந்தச் சிவப்பு கொஞ்சம் அடங்கியிருந்ததால் ஒரே ஒரு ஃபிரேம் எடுத்தேன்.

செவ்வாய்

குமார்டுலி, களிமண் சாமி சிலை செய்பவர்களின் பேட்டை. சரஸ்வதி பூஜை நெருங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் சந்து முழுக்க சரஸ்வதி. மூங்கிலில் வைக்கோலைக் கட்டி உருவம் செய்து, அதன் மேல் களிமண் பூசி, காயவைத்து, வெள்ளை அடித்து, அப்புறம்தான் நிறம். நான் போன நேரத்தில் பாதி சிலைகள் மண்ணாக நின்றன, பாதி வெள்ளை அடித்து நின்றன.

இந்த ஊரில் கலர் பிலிமுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று இன்று முடிவு செய்துவிட்டேன். காரணம், இங்கே கலரே இல்லை. வைக்கோல் ஒரு பழுப்பு, ஈர மண் ஒரு சாம்பல், காய்ந்த மண் இன்னொரு சாம்பல். கறுப்பு-வெள்ளையில் இந்த மூன்றும் ஒன்றாகிவிடும். கலரில் ஈர மண்ணுக்குள் ஒரு பச்சை ஓடுவது தெரிகிறது, காய்ந்ததில் ஒரு செம்மை. வெறும் சாம்பல் என்று ஒன்று கிடையவே கிடையாது போல.

பனமாலி சர்க்கார் தெருவிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் வெயில் கீழே இறங்காது. மேலே கீற்றாக வானம் மட்டும் தெரியும். நேரடி வெயில் படாத இடத்தில் வெளிச்சம் முழுக்க வானத்திலிருந்துதான் வருகிறது, வானம் நீலம். பகல் பிலிமை 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடினால் நீலம் கூடும்) வெளிச்சத்துக்கு ஏற்றபடிதான் செய்கிறார்கள். இந்த நிழல் அதைவிட நீலமானது. நம் கண் அதைத் திருத்திக்கொள்ளும், பிலிம் திருத்தாது. வெள்ளை அடித்த சரஸ்வதிகள் எல்லாம் நீலம் பாரித்துத்தான் வரப்போகிறார்கள். லென்ஸின் முன்னால் இளம் மஞ்சள் வடிகட்டி ஒன்றைப் போட்டால் சரியாகும். பையில் இருந்தது. போடவில்லை. நிழலுக்குள் நின்ற வெள்ளை நீலமாக வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு பட்டறைக்கு வெளியே இருபது முப்பது தலைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கண் இன்னும் எழுதவில்லை. பின்னால் ஒரு பையன் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அந்த நாற்காலி இல்லாவிட்டால் இது என் பழைய நெகட்டிவ்களில் ஒன்று. இந்தியா முழுக்க எந்த டீக்கடைக்குப் போனாலும் இருக்கும் அதே வார்ப்பு நாற்காலி. முன்பு என்றால் அதை ஃபிரேமுக்கு வெளியே தள்ள நாலு அடி நகர்ந்திருப்பேன். இன்று அதற்காகவே நாலு அடி முன்னால் போனேன். ஷட்டர் சத்தத்தில் பையன் விழித்துக்கொண்டான். எஃப்எம்2 சத்தம் கொஞ்சம் ஓங்கித்தான் கேட்கும். எழுந்து நாற்காலியை எனக்கு நகர்த்திக் கொடுத்தான், உட்காரச் சொல்லி. உட்கார்ந்தேன், படம் போயிற்று.

புதன், இரவு

பார்க் ஸ்ட்ரீட்டில் சினிஸ்டில். இது சினிமா எடுக்கும் கோடக் பிலிம்தான். அதன் முதுகில் இருக்கும் கறுப்புக் கார்பன் பூச்சை எடுத்துவிட்டுச் கலர் நெகட்டிவ் கழுவும் சாதாரண சி-41 முறையில் கழுவும்படி விற்கிறார்கள். பூச்சு இல்லாததால் பளிச்சென்ற விளக்கு பிலிமைத் தாண்டிப் போய்ப் பின்னால் பட்டுத் திரும்பி வந்து, விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டுவிடும். நிறையப் பேர் அந்த வளையத்துக்காகவே வாங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. எல்லா ஊரையும் ஒரே ஊராக்கிவிடுகிறது. குண்டு பல்பு வெளிச்சத்துக்கு ஏற்ற வேகமான பிலிம் வேறு எளிதில் கிடைப்பதில்லை, அதனால்தான் இது.

ஆனால் குண்டு பல்பு எங்கே இருக்கிறது? எல்லாம் எல்இடி. நான் இங்கே தங்கியிருந்த நாளில் தெருவெல்லாம் சோடியம் விளக்கு, ஊரே ஆரஞ்சுத் தண்ணீரில் மூழ்கியிருக்கும். அந்த வெளிச்சத்தில் கலர் பிலிம் போட்டும் பயனில்லை, அதில் ஆரஞ்சைத் தவிர மற்ற நிறம் பெரிதாக இருக்காது, ஸ்கேனில் எவ்வளவு திருகினாலும் இல்லாத நிறம் வராது. அதனால் அன்று இரவில் கறுப்பு-வெள்ளை போட்டதற்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது அந்த நியாயமும் போய்விட்டது. உணவகத்தின் நியான் பலகை ஒரு நிறம், மருந்துக்கடை வெள்ளை ஒரு நிறம், மூன்று கிளை பிரிந்த திரிசூல விளக்கு ஒரு நிறம். ஒரு ஆள் இருபது அடி நடப்பதற்குள் அவர் முகம் மூன்று தடவை மாறுகிறது. 1/60, எஃப் 2. நடப்பவர்கள் கொஞ்சம் கலைந்துதான் வருவார்கள், வரட்டும்.

வியாழன்

டாக்ஸி. எடுக்காமல் போனால் ஊரே மன்னிக்காது.

அம்பாசடர் செய்த உத்தர்பாராவின் ஹிந்த்மோட்டார் தொழிற்சாலை 2014 மே மாதம் மூடியது. கொல்கத்தாவில் வாடகை வண்டிகளுக்கு 15 வருஷ வரம்பு இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், கடைசியாக வந்த வண்டிக்கும் இன்னும் கொஞ்ச காலம்தான். முன்பு ஹௌரா நிலையத்துக்கு வெளியே மஞ்சள் கடலாக இருக்கும். வெள்ளிக்கிழமை இறங்கியபோது வரிசையில் வெள்ளை வண்டிகள்தான் அதிகம் தெரிந்தன. நடுவில் அரசு கொண்டுவந்த "நோ ரெஃப்யூசல்" (சவாரியை மறுக்கக் கூடாத) டாக்ஸிகளும் வெள்ளை-நீலம்தான். அந்த நீலம் எங்கேயும் விடுவதில்லை.

தர்மதலா பக்கம் நிறுத்தியிருந்த ஒன்றின் அருகில் போனேன். தூரத்திலிருந்து மஞ்சள். ஒரு கை எட்டும் தூரத்தில் பார்த்தால் நாலு மஞ்சள். பானெட் வெயிலில் வெளுத்து எலுமிச்சை நிறம். முன்கதவு மாற்றியது போல, அதில் கொஞ்சம் சிவப்பு கலந்த மஞ்சள். பின்கதவின் கீழ்ப்பகுதியில் துரு தெரிந்த இடத்தில் மட்டும் தூரிகையால் தீட்டிய கடுகு மஞ்சள், மயிர் இழுத்த கோடுகூடத் தெரிகிறது. கைப்பிடியைச் சுற்றி, பல வருஷமாகத் தொட்டுத் தொட்டு, மஞ்சளே போய்ப் பழைய பெயின்டின் சாம்பல்.

டிரைவர் பிகார்க்காரர். படம் எடுக்கிறேன் என்றேன்.

"எடுங்க பாய், ஆனால் துடைச்சிட்டு எடுங்க. அழுக்கா இருக்கு."

வேண்டாம் அண்ணே, இப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் கேட்கவில்லை. வாளித் தண்ணீரில் துணியை நனைத்துக் கதவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஈரம் பட்டதும் நாலு மஞ்சளும் இருண்டு ஒன்றோடொன்று நெருங்கின, கதவில் எதிர்க் கட்டடத்தின் நீலக் கோடு விழுந்தது. அவர் கை, ஈரத் துணி, பாதி துடைத்த கதவு. நான் கேட்டதைவிட அவர் செய்தது நல்ல படம்.

இந்த வண்டி போனதும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஊருக்குப் போய்விடுவேன் என்றார். மஞ்சள் அடித்த புது ரகச் சின்னக் கார்களும் வந்திருக்கிறதே என்றேன். "அது மஞ்சள்தான். ஆனால் டிக்கியில் நாலு பெட்டி ஏறாது" என்றார்.

அந்த ரோல் அத்துடன் முடிந்தது. நாளைக்கு ரயில்.

ஊர் திரும்பிய பிறகு

ஸ்கேன் வந்துவிட்டது.

சி-41 கழுவுவதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. டெவலப்பர் 37.8 டிகிரி, மூன்றேகால் நிமிஷம். உலகத்தில் எந்த லேபில் கொடுத்தாலும் அதேதான். எல்லாம் பாழாவதும் பிழைப்பதும் அதற்கப்புறம், ஸ்கேன் செய்யும் இடத்தில். கலர் நெகட்டிவ் முழுக்க ஒரு ஆரஞ்சு முகமூடி இருக்கும், சாயங்களின் குறையை ஈடுகட்ட வேண்டுமென்றே வைத்தது. அதைக் கழித்துத்தான் இயந்திரம் நிறத்தைக் கணக்கிடும். கணக்கிடும்போது அது ஒரு அனுமானம் செய்துகொள்கிறது: எந்தப் படத்தையும் மொத்தமாகக் கலக்கினால் சாம்பல்தான் வரவேண்டும். பெரும்பாலான படங்களுக்கு இது பொருந்தும். பூச்சந்தைக்குப் பொருந்தாது. ஃபிரேமில் முக்கால்வாசி ஆரஞ்சாக இருந்தால், ஐயோ எங்கேயோ ஆரஞ்சு அதிகமாகிவிட்டது என்று நீலத்தை அள்ளிப் போட்டுவிடும். அந்தப் பெரியவரின் முகம் சுரம் வந்தவர் போல நீலம் பாரித்து வந்திருக்கிறது. செண்டுமல்லி மண் நிறம்.

படிக்கட்டில் ஒரு முழம் பூவோடு எடுத்தவை தப்பித்துவிட்டன. அங்கே சாம்பல்தானே அதிகம், இயந்திரத்துக்குக் குழப்பமே இல்லை.

குமார்டுலியில் நேர்மாறான கோளாறு. நிழலின் நீலம் எனக்கு வேண்டும் என்று வடிகட்டியைக்கூடப் போடாமல் எடுத்தேன். இயந்திரம் அதையும் பிழை என்று திருத்தி, சரஸ்வதிகளைச் சுண்ணாம்பு வெள்ளையாக்கி அனுப்பியிருக்கிறது. சிவப்பு நாற்காலி மட்டும் திமிறிக்கொண்டு நிற்கிறது.

நீல-வெள்ளை ஓரக்கல் ஃபிரேம்கள்தான் இந்த முறை எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தவை. யாருக்கும் காட்டினால் என்ன இருக்கிறது இதில் என்றுதான் கேட்பார்கள். இருக்கட்டும். பழைய நெகட்டிவில் அதே வளைவை எடுத்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் டிராம் இருக்கிறது, பனி இருக்கிறது, பார்க்க ஆயிரம் மடங்கு அழகு. எந்த வருஷம் என்று மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

டாக்ஸிக் கதவில் கோல்டு 200 தன் வேலையைக் காட்டியிருக்கிறது. மஞ்சளுக்கு அது கொஞ்சம் வெல்லம் தடவும். நாலு மஞ்சளில் இரண்டு ஒன்றாகிவிட்டன. போர்ட்ரா போட்டிருந்தால் நாலும் தனித்தனியாக வந்திருக்கும், ஆனால் ஈரத்தின் பளபளப்பு இந்த அளவு வந்திருக்காது.

லேபுக்குப் போன் செய்து, பூச்சந்தை ரோலையும் குமார்டுலி ரோலையும் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னேன். ஒரு ரோலுக்கு ஒரே அளவு, ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றாமல். "அப்படிச் செய்தால் சில படம் ஒரு பக்கமாக இழுக்கும் சார்" என்றார் அந்தத் தம்பி. இழுக்கட்டும் என்றேன். நெகட்டிவையும் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை போய் வாங்க வேண்டும்.